தாடையின் திருப்பமும் ஒரு டைட்டானியம் தகடும்

காதுமடலுக்குக் கீழே விரலை வச்சு, தாடை ஓரமா அப்படியே கீழ இறங்கி வாங்க. ஒரு இடத்துல எலும்பு சட்டுன்னு முகவாய்ப் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துக்குப் பேரு தாடைக் கோணம். கீழ்த்தாடை உடையிற கேஸ்கள்ல அடிக்கடி உடையிற இடங்கள்ல இது ஒண்ணு. உடைஞ்சா அதிகமா வம்பு பண்ற இடமும் இதுதான்னு வாய்-முக அறுவை மருத்துவர்கள் சொல்றாங்க. அந்த வம்பை இடது பக்கம் நேரடியா அனுபவிச்சவன்கிற தகுதியில இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு, மெஷினைத் தொடாம கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருக்கிற லட்சக்கணக்கான தமிழ்ப் பசங்கள்ல ஒருத்தன். ஆனா நாலு வருஷம் படிச்ச மெக்கானிக்கல் என் வாழ்க்கையில உருப்படியா உதவினது இந்த ஒரு தடவைதான். எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

நடந்தது 2024 ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கிரவுண்ட். ஆபீஸ் டீம்களுக்குள்ள டென்னிஸ் பால் மேட்ச். பேட்ஸ்மேன் தூக்கி அடிச்ச பந்து மிட்விக்கெட்டுக்கு மேல வானத்துல நின்னுச்சு. கேப்டன் யார் எடுக்கணும்னு சரியாத்தான் பேரைச் சொல்லிக் கத்தினான். என்ன ஒண்ணு, எங்க டீம்ல அந்தப் பேர்ல ரெண்டு பேர். ரெண்டு பேரும் மேல பார்த்துக்கிட்டே ஓடினோம். அவன் நெத்தி, என் தாடை. கேட்ச்சும் போச்சு.

வெளியில நின்னவங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலையாம். எனக்கு மண்டைக்குள்ள கரும்பை முட்டியில வச்சு ஒடிச்ச மாதிரி கேட்டுச்சு. எந்திரிச்சுப் பல்லைக் கடிச்சுப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷமா யோசிக்காம பண்ணின வேலை அது, இப்ப நடக்கலை. மேல் பல்லும் கீழ் பல்லும் வேற வேற ஆளோடது மாதிரி இருந்துச்சு. இடது பக்கக் கீழ் உதடு, ஊசி போட்ட மாதிரி மரத்துப் போயிருந்துச்சு. இந்த ரெண்டும்தான் முக்கியமான அறிகுறிகள்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். வீக்கம் எந்த அடிக்கும் வரும். ஆனா அடிபட்ட பிறகு கடி மாறிப்போச்சு, உதடு மரத்துப்போச்சுன்னா ஐஸ் வச்சுட்டுத் தூங்கிடாதீங்க.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர், சின்னப் பையன், கேட்ட முதல் கேள்வி: "அடிதடியா?"

"கிரிக்கெட் சார்"னு சொல்ல முயற்சி பண்ணினேன். என்ன மாதிரி வந்துச்சுன்னு எழுத்துல போட முடியாது. கூட வந்த நண்பன்தான் மொழிபெயர்த்தான். டாக்டர் நம்பின மாதிரி தெரியலை. தாடைக் கோணம் தனியா உடைஞ்சு வர்றதுல கைகலப்பு கேஸ் நிறைய. வலது கைக்காரன் எதிர்ல நின்னு குத்தினா எந்தப் பக்கம் விழும்? இடது பக்கம். எனக்கும் இடது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதிட்டு, நாக்கை அமுக்கிப் பார்க்கிற அந்த மரக்குச்சியைக் கடவாயில வச்சு, "கடிச்சுக்கிட்டே இருங்க, நான் திருப்பி உடைக்கிறேன்"னார். நல்ல தாடை உள்ளவன் குச்சி உடையிற வரைக்கும் கடிச்சுப் பிடிச்சுக்குவான். தாடை உடைஞ்சவன் வலியில விட்டுடுவான். ரெண்டு ரூபாய் பெறாத குச்சியில இப்படி ஒரு சோதனை. நான் அவர் திருப்ப ஆரம்பிக்கும்போதே விட்டுட்டேன். அப்புறம் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அதுக்கப்புறம் சி.டி. ஸ்கேன். படத்துல இடது கடைசிப் பல்லோட வேர்ல ஆரம்பிச்சு, தாடையோட அடி ஓரம் வரைக்கும் சாய்வா ஒரு கறுப்புக் கோடு.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நான் மெக்கானிக்கல்னு தெரிஞ்சதும் மனுஷன் குஷியாயிட்டார். வாய் திறக்க முடியாத ஒருத்தன்கிட்ட பேசுறது எந்த டாக்டருக்குத்தான் பிடிக்காது :-)

"தம்பி, ஒரு பீம்ல குறுக்குவெட்டு மெலிசாவுது, அதே இடத்துல திசையும் திரும்புது, அங்கேயே ஒரு ஓட்டையும் போட்டா எங்க உடையும்?"

விரலால என் தாடையைக் காட்டினேன்.

"அந்த ஓட்டைதான் உங்க ஞானப்பல்."

பாதி முளைச்சும் முளைக்காமலும் எலும்புக்குள்ள படுத்துக்கிடக்கிற ஞானப்பல் இருக்கே, அது இருக்கிற இடத்துல அந்த அளவுக்கு எலும்பு இல்லைன்னு அர்த்தம். கீழ் ஞானப்பல் உள்ளவங்களுக்குத் தாடைக் கோணம் உடையிற வாய்ப்பு, இல்லாதவங்களைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. "அப்ப எல்லாரும் முன்னாடியே பிடுங்கிடலாமே"ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். சிரிச்சார். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லையாம். ஞானப்பல் இல்லாதவங்களுக்கு அதே அடி, காதுக்கு முன்னாடி இருக்கிற மூட்டுக் கழுத்துல போய் உடைக்கும். அதுக்கு வைத்தியம் இன்னும் கஷ்டம். வீட்டு வயரிங்ல ஃபியூஸ் போறதா, மோட்டார் போறதான்னு கேக்கிற மாதிரி.

உடைஞ்ச பிறகு ஏன் அங்க இவ்வளவு தகராறு? தாடையை அசைக்கிற தசைகள்தான் காரணம். கோணத்துக்குப் பின்னாடி இருக்கிற துண்டை மெல்லும் தசைகள் மேல இழுக்கும். உடம்புல வலுவான தசைகள் அவை. முன்னாடித் துண்டை நாக்குக்கு அடியில இருக்கிற தசைகள் கீழ இழுக்கும். நடுவுல உடைஞ்ச கோடு. கோடு ஒரு சாய்வுல இருந்தா, தசை இழுக்க இழுக்க ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். எதிர் சாய்வுல இருந்தா பிரிஞ்சு போகும். முதல் வகை சாதகமானது, ரெண்டாவது பாதகமானது. எனக்கு எது வந்திருக்கும்னு என் ஜாதகத்தைப் பார்த்தவங்க யாரும் சொல்லிடுவாங்க.

பழைய வைத்தியம் என்னன்னா, மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கட்டிட வேண்டியது. ஹிப்போகிரட்டஸ் காலத்துலயே, உடைஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் உள்ள பற்களைத் தங்கக் கம்பியால கட்டணும், கிடைக்கலைன்னா நூலால கட்டணும்னு எழுதி வச்சிருக்காங்க. கிறிஸ்துவுக்கு நானூறு வருஷம் முன்னாடி! பின்னாடி வந்ததெல்லாம் அதோட வெர்ஷன் 2, வெர்ஷன் 3தான். பல் வரிசையில கொக்கி வச்ச ஒரு உலோகப் பட்டையைக் கட்டி, மேலயும் கீழயும் கம்பியால இழுத்துப் பூட்டுவாங்க. நாலுல இருந்து ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. வாந்தி வந்தா மூச்சு அடைக்கும்னு, கம்பி வெட்டுற கட்டிங் பிளேயரைக் கையிலேயே வச்சிருக்கச் சொல்லி அனுப்புவாங்க. இப்பவும் சில முறிவுகளுக்கு இந்த வழிதான்.

புது வழி, எலும்பு மேலயே தகடு வச்சு ஸ்க்ரூ அடிக்கிறது. இங்கதான் என் மெக்கானிக்கல் உதவிக்கு வந்துச்சு.

முன்பல்லால ஒரு முறுக்கைக் கடிக்கிறீங்கன்னு வைங்க. தாடை ஒரு கான்டிலீவர் பீம் மாதிரி வளையும். கோணத்துல மேல் ஓரம் விரியப் பார்க்கும், கீழ் ஓரம் நெருங்கும். மேல இழுவிசை, கீழ அழுத்தம். அப்ப உடைஞ்ச இடத்துல மேல் ஓரத்தை மட்டும் பிடிச்சு நிறுத்தினா போதும். கீழ் ஓரம் தானா ஒண்ணை ஒண்ணு அழுத்திக்கும். 1973-ல மிஷலேன்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர், சின்னச் சின்னத் தகடுகளை வாய்க்குள்ள இருந்தே வைக்கலாம்னு காட்டினார். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மாக்சிம் ஷாம்பி அதுக்குக் கணக்குப் போட்டு, தாடையில எங்கெங்க இழுவிசை வருதுன்னு கோடு கிழிச்சு, அந்தக் கோட்டு மேல தகடு வச்சா மெல்லிசுத் தகடே போதும்னு சொன்னார். 1978-ல வெளிவந்த அவர் கட்டுரையை இன்னைக்கும் மேற்கோள் காட்டுறாங்க. தாடைக் கோணத்துக்கு அவர் சொன்னது ஒரே ஒரு தகடு. கடைசிப் பல்லுக்குப் பின்னாடி, வெளிப்பக்கமா ஒரு மேடு ஓடும், அந்த மேட்டு மேல.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரைத் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவன் நான். அந்த வாத்தியார் ஒருநாள் இதைச் சொல்லியிருந்தா கிளாஸ் முழுக்க முழிச்சிருந்திருக்கும்.

ஆனா எனக்குள்ள இருந்த இன்ஜினியர் விடலை. பேப்பர்ல எழுதினேன்: "ஒண்ணு ஃபெயில் ஆனா? மேல ஒண்ணு கீழ ஒண்ணு ரெண்டு வச்சுடலாமே?" நாங்க ஒரு சர்வரைத் தனியா விட்டாலே மேனேஜர் கத்துவார். பேக்கப் இல்லாம எப்படி?

டாக்டர் அதுக்குச் சொன்ன பதிலை டிஸ்சார்ஜ் ஆன பிறகு நானே தேடிப் படிச்சேன். வாயைக் கட்டிக்கிட்டு வீட்ல கிடக்கிறவனுக்கு வேற என்ன வேலை. கதை இதுதான். பிளாஸ்டிக் தாடை மாடல்ல சோதனை பண்ணினா ரெண்டு தகடுதான் உறுதி, சந்தேகமே இல்லை. உடைஞ்ச பக்கமே கடவாய்ப்பல்லால கடிச்சா விசை தலைகீழா மாறி, கீழ் ஓரம் திறக்கும்கிறதும் உண்மை. அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல எட்வர்ட் எல்லிஸ்னு ஒரு அறுவை மருத்துவர். தாடைக் கோண முறிவுக்கு ஒவ்வொரு முறையா மாத்தி மாத்தி வைத்தியம் பண்ணி, முடிவுகளை ஒளிக்காம வெளியிட்டுக்கிட்டே வந்தார். 1994-ல ரெண்டு தகடு வச்சவங்களோட கணக்கைக் கொடுத்தார், 28 சதவீதம் பேருக்குச் சிக்கல். 1996-ல ஒரே தகடு வச்ச 81 பேரோட கணக்கு, 16 சதவீதம். அதுலயும் பெரும்பாலானது ஓ.பி.யிலேயே சரி பண்ற சின்னச் சிக்கல். 1999-ல பத்து வருஷத்து அனுபவத்தை, எட்டு முறைகளை, மொத்தமா வரிசைப்படுத்தினப்போ கடைசியில ஜெயிச்சது ரெண்டு. ஒண்ணு, வெளியில கழுத்துப் பக்கம் கிழிச்சு வைக்கிற பெரிய தடிமனான தகடு. இன்னொண்ணு, வாய்க்குள்ள வைக்கிற ஒத்தைச் சின்னத் தகடு. நடுவுல இருந்த 'நல்லா உறுதியா இருக்கட்டும்' வகையறா எல்லாம் பின்னாடி போயிடுச்சு.

ஏன்? ரெண்டாவது தகடு வைக்க இன்னும் கொஞ்சம் சதையையும், எலும்பைப் போர்த்தியிருக்கிற சவ்வையும் உரிக்கணும். எலும்புக்கு ரத்தம் வர்ற வழிகள்ல அந்தச் சவ்வும் ஒண்ணு. உறுதி கூடுச்சு, சோறு குறைஞ்சுச்சு. இன்னொண்ணு, தாடை உடைஞ்சவன் வாரக்கணக்குல முழு பலத்தோட கடிக்கவே மாட்டான். உடம்பே லோடைக் குறைச்சுக்குது. பிளாஸ்டிக் மாடலுக்கு வலியும் கிடையாது, ரத்த ஓட்டமும் கிடையாது. இதைப் படிச்சன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். எங்க தொழில்ல பாதிப் பிரச்சினை, பாதுகாப்புக்குன்னு சேர்த்ததாலதான் வருது.

திங்கட்கிழமை ஆபரேஷன். மயக்க மருந்துக் குழாயை வாய் வழியா விடாம மூக்கு வழியா விட்டாங்க. வாயில குழாய் இருந்தா பல்லு சரியா சேருதான்னு பார்க்க முடியாதே. முதல்ல பட்டை கட்டி, பல்லோட பல்லைப் பழைய கடிக்குக் கொண்டுவந்து பூட்டி, அப்புறம்தான் தகடு. பல்லு சரியா உட்கார்ந்தா எலும்பு சரியா உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம். நாலு ஓட்டை உள்ள தகடு, நாலு ஸ்க்ரூ. வெளியில ஒரு கீறல் இல்லை. வெளிப்பக்கம் கிழிச்சா கீழ் உதட்டை அசைக்கிற நரம்புக் கிளை அடிபடுற அபாயம் உண்டு, தழும்பும் வரும்.

ஞானப்பல்லை எடுத்துட்டாங்க. முன்னெல்லாம் உடைஞ்ச கோட்டுல பல் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்களாம். இப்ப, ஆடினாலோ, வேர் உடைஞ்சிருந்தாலோ, ஈறு சீழ் பிடிச்சிருந்தாலோ, எலும்பைச் சேர்க்க இடைஞ்சலா இருந்தாலோதான் எடுக்கிறாங்க. என்னோடது வருஷத்துக்கு ரெண்டு தடவை வீங்குற பல்லு. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டு வாரம் கொக்கியில ரப்பர் பேண்ட் போட்டுக் கடியைப் பிடிச்சு வச்சாங்க. ஊர்ல இருந்து அம்மாவும் ஆச்சியும் கிளம்பி வந்துட்டாங்க. ஆச்சிக்குத் திருநெல்வேலியைத் தாண்டினா உலகத்துல மிக்ஸின்னு ஒண்ணுதான் மரியாதைக்குரிய பொருள். இட்லியும் சாம்பாரும் மிக்ஸியில, ரசம் சாதம் மிக்ஸியில, கருவாட்டுக் குழம்பையும் மிக்ஸியில போட்டு வடிகட்டிக் கொடுத்தா பாருங்க. "வாய் இருந்தா வங்காளம் போலாம்பாவ. இவன் வாயக் கட்டிக்கிட்டு வேளச்சேரிக்குக் கூடப் போவ முடியாமக் கெடக்கான்"னு வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சா. ஆறு கிலோ குறைஞ்சேன். காலை நேர மீட்டிங்ல நான் சாட்லயே பதில் போட்டேன். மீட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சுதுன்னு டீமே சந்தோஷப்பட்டுச்சு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அஞ்சாவது வாரம், ஒரு காலையில எந்திரிச்சதும் வாயில உப்புக் கரிச்சுது. கூடவே ஒரு நாத்தம். தாடை ஓரத்துல மறுபடி வீக்கம். விரலால அமுக்கினா பழைய தையல் போட்ட இடத்துல இருந்து சீழ்.

அந்த ஒரு நாள் பட்ட பயம் மேட்ச் அன்னைக்குக்கூடப் படலை. எலும்பு சேரவே இல்லையோ, இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வைக்கணுமோ, வாய் கோணிடுமோ? இணையத்துல தேடினா எதுவா இருந்தாலும் மோசமானதுதானே முதல்ல வரும். அம்மா ஒண்ணும் பேசலை. சாமி படத்துக்கு முன்னாடி மஞ்சள் துணியில காசு முடிஞ்சு வச்சுட்டு வந்தாங்க.

டாக்டர் ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டு, முறிவுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தார். எலும்பு அசையலை. எக்ஸ்ரேல ஒரு ஸ்க்ரூ மட்டும் லூசாகி இருந்துச்சு. "எலும்பு சேர்ந்துக்கிட்டு இருக்கு தம்பி. தகடு அதோட வேலையை முடிச்சுடுச்சு, போறேன்னு சொல்லுது, அவ்வளவுதான்." தாடைக் கோணத்துல வர்ற சிக்கல்ல சகஜமானது இதுதானாம். தொத்து, லூசான ஸ்க்ரூ, வெளியில தெரியிற தகடு. எலும்பு அசைஞ்சா கதையே வேற. அப்ப தகட்டை எடுத்துட்டு, வெளிப்பக்கமா பெரிய தகடு வைக்கணும். அசையலைன்னா சீழை வடிச்சு, மருந்து கொடுத்து, எலும்பு கெட்டியாகிறவரை காத்திருந்து, தகட்டை எடுத்தாப் போதும். ஏழாவது வாரம் உதட்டோரம் ஊசி போட்டு, அரை மணி நேரத்துல நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டார். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நடுவுல இன்னொரு மல்லுக்கட்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரை விட்டுடறேன். "பல் சிகிச்சை பாலிசியில வராது"ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. பார்த்தா, டிஸ்சார்ஜ் சம்மரியில பல் மருத்துவப் பிரிவுன்னு மேல அச்சடிச்சிருக்கு. அதோட நிறுத்திக்கிட்டாங்க, கீழ படிக்கவே இல்லை. தாடை எலும்பு முறிவு, விபத்தினால ஏற்பட்டது, மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன், உள்நோயாளியா சேர்க்கைன்னு டாக்டர் தனியா ஒரு கடிதம் கொடுத்தார். அதோட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலையும் இணைச்சு ரெண்டு மாசம் மெயில் மேல மெயில் போட்ட பிறகு பணம் வந்துச்சு. வாய் பேச முடியாத ஒருத்தனைக் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணச் சொல்றது எந்த ஊர் நியாயமோ.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். உதடு.

கீழ்த்தாடைக்குள்ள ஒரு சுரங்கம் ஓடுது. அதுக்குள்ளதான் கீழ்ப்பற்களுக்கும் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு போகுது. கோணத்துல உடைஞ்சா சுரங்கமும் சேர்ந்து உடையும். நரம்பு அடிபடுறதை சீடன்னு ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் 1943-ல மூணா பிரிச்சார். நரம்பு முழுசா இருந்து செய்தி மட்டும் நின்னு போறது, இது சில வாரத்துல திரும்பிடும். வெளி உறை இருந்து உள் இழை அறுந்து போறது, இது மெல்ல வளரணும். மூணாவது முழுசா அறுந்து போறது, இது தானா திரும்பாது. இழை வளர்ற வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். டெப்லாய்மெண்டுக்கு அவசரப்படுத்த எந்த மேனேஜராலயும் முடியாது.

மரத்துப்போன உதடு வெளியில தெரியாது. கண்ணாடியில பார்த்தா நான் நானாத்தான் இருக்கேன். ஆனா டீ சூடா இருக்கான்னு வலது பக்கம்தான் சொல்லும். ஷேவ் பண்ணும்போது வெட்டினா ரத்தம் பார்த்துத்தான் தெரியும். சாம்பார் வழிஞ்சாலும் உதட்டுல சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது. வீட்ல இதுக்கு ஒரு சைகை வந்துடுச்சு. அம்மா பேச்சை நிறுத்தாமலேயே தன் உதட்டை ஒரு விரலால தொடுவாங்க. நான் துடைச்சுக்குவேன்.

2025 ஜனவரியில ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். கேசரி கொடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லலாம், மரியாதை இல்லை. சாப்பிட்டேன். அந்தப் பொண்ணும் நானும் மாடியில நின்னு பேசிக்கிட்டு இருந்தோம். அங்க அம்மா இல்லையே. பேச்சு வேலை, ஊர், சினிமான்னு போய்க்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அந்தப் பொண்ணு, பேச்சை நிறுத்தாமலேயே, தன் உதட்டோரத்தை ஒரு விரலால தொட்டாங்க. நான் துடைச்சேன். அப்புறம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன், சீழ் வரைக்கும். பெண் பார்க்கப் போன இடத்துல எவனாவது சீழைப் பத்திப் பேசுவானா? பேசினேன். "மூணு வகையில உங்களோடது எது?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவதா இருக்கும்னு டாக்டர் நினைக்கிறார்னேன். "அப்ப வந்துடும்"னாங்க. முகூர்த்தம் பார்த்துக்கிட்டு இருக்கோம் மக்களே, மொய்யோட வாங்க :-)

அதுக்கப்புறம் மெல்ல மெல்லத்தான் உணர்ச்சி திரும்புச்சு. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் தொட்டா ஷாக் அடிக்கிற மாதிரி. அது நல்ல அறிகுறிதானாம். இப்ப முகவாய்ல ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் இன்னும் மந்தமா இருக்கு. அது அப்படியேகூட இருந்துடலாம்னு டாக்டர் நேர்மையா சொல்லிட்டார். இருந்துட்டுப் போகட்டும்.

படிக்கிறவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம்:

1. தாடையில அடிபட்டுக் கடி மாறினா, உதடு மரத்தா, அன்னைக்கே எக்ஸ்ரே. மூச்சு விடக் கஷ்டமா இருந்தா, ரத்தம் நிக்கலைன்னா நேரா எமர்ஜென்சி.

2. கீழ்த்தாடை வளையம் மாதிரி. ஒரு இடத்துல உடைஞ்சா எதிர்ப் பக்கம் இன்னொரு இடத்துலயும் உடைஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு பக்கமும் பார்த்தாங்களான்னு கேளுங்க.

3. ஆபரேஷனுக்கு முன்னாடி உதடு மரத்திருந்ததை டாக்டர்கிட்ட சொல்லி எழுத வைங்க. எது அடியால வந்தது, எது ஆபரேஷனால வந்ததுன்னு பின்னாடி குழப்பம் வராது.

4. சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத் தொத்தும், எலும்பு சேராம போறதும் அதிகம். அந்த ரெண்டு மாசமாவது விட்டுடுங்க. வாயை உப்புத் தண்ணியால கொப்புளிச்சுச் சுத்தமா வச்சுக்கோங்க.

பைக்ல போறவங்களுக்கு ஒரு வார்த்தை. தொப்பி மாதிரி இருக்கிற அரை ஹெல்மெட் போலீஸ்கிட்ட இருந்து வேணா காப்பாத்தும், தாடையைக் காப்பாத்தாது. முகவாயை மூடுற ஹெல்மெட் வாங்குங்க.

கழட்டின தகட்டை டாக்டர் ஒரு சின்ன மாத்திரை டப்பாவுல போட்டுக் கொடுத்தார். என் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், கனமே இல்லை. போன மாசம் ஊருக்குப் போனப்போ ஆச்சிகிட்ட காட்டினேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஏல, இது என்ன, வெள்ளியா?"

"டைட்டானியம் ஆச்சி."

"வித்தா எம்புட்டு வரும்?"

"ஒண்ணும் வராது ஆச்சி."

"அப்பம் எதுக்குல வச்சிருக்க? அந்தக் காலத்து ஆளு மாதிரி தங்கத்துல கட்டியிருந்தா, கல்யாணத்துக்காவது ஆயிருக்கும்."

ஹிப்போகிரட்டஸ் கதையை ஆச்சிகிட்ட சொல்லியிருக்கவே கூடாது.